அக்டோபர் 31 மெல்பர்னில் இளவேனில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அக்டோபர் இதழின் இளையோர் பக்கத்தில் விட்ச்கிராஃப்ட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் சிலருக்கு, இயற்கையையும் பருவங்களையும் போற்றும் விக்கா போன்ற வழிகளில் ஈடுபாடு இருப்பதைக் கேலி செய்யாமலும் பயமுறுத்தாமலும் எழுதியிருந்தீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்டோபர் 31 சௌவின், இருண்ட பருவம் தொடங்கும் நாள், இறந்தவர்களை நினைக்க வேண்டும் என்றும், டிசம்பர் 21 யூல், ஆண்டின் மிக நீண்ட இரவு என்றும் அதில் இருந்தது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் அது சரி. மெல்பர்னில் இருந்து வெளிவரும் ஒரு பத்திரிகையில், மெல்பர்ன் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அது அப்படியே ஆறு மாதம் பிழை.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இப்போது மெல்பர்னின் கிழக்கு விளிம்பில், டண்டெனாங் மலையடிவாரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லமொன்றில் தாதி வேலை. கோயிலுக்கும் போவேன், வீட்டில் தனியாக விட்ச்கிராஃப்டும் செய்வேன். எனக்குக் குழுவும் இல்லை, குருவும் இல்லை. யாருக்கும் கெடுதல் வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பருவம் மாறும் நாளைக் கவனித்து, விளக்கேற்றி, அந்தக் காலத்தில் கிடைக்கிற இலையும் பூவும் வைத்து, நான்கு திசைகளுக்கும் வணக்கம் சொல்லி, ஒரு நல்ல எண்ணத்தை மனதில் ஊன்றுவேன். அவ்வளவுதான் என் பயிற்சி. அதற்கு அடிப்படை நான் நிற்கும் மண். மண்ணை விட்டுவிட்டுப் புத்தகத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டால் மிஞ்சுவது வெறும் மெழுகுவர்த்தி.

சௌவினும் யூலும் அடங்கிய இந்த எட்டுப் பண்டிகைச் சக்கரம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பகலோ இரவோ மிக நீளும் இரண்டு அயன நாட்கள், இரண்டு சம இரவு நாட்கள், அவற்றுக்கு இடையில் வரும் நான்கு நாட்கள் என எட்டு. தனித்தனியாகச் சிலவற்றுக்குப் பழைய வேர் உண்டு. ஆனால் எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரிட்டனில். பழைய மந்திரவாதத் தடைச் சட்டம் அங்கே 1951இல்தான் நீக்கப்பட்டது. அங்கே விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1954இல். நம் விக்டோரியா மாநிலத்தில் இதைக் குற்றமாகப் பார்த்த பழைய சட்டப் பிரிவு 2005 வரை ஏட்டில் இருந்தது. ஆகவே மாற்றவே கூடாத வேதம் ஒன்றுமில்லை இது. இங்கிலாந்தின் குளிரையும் ஓக் மரத்தையும் பார்த்து அந்த நாட்டுக்காரர்கள் அமைத்துக்கொண்ட ஒழுங்கு. நாமும் அதே கவனத்தோடு நம் வானத்தையும் மரத்தையும் பார்ப்பதுதான் அவர்களைச் சரியாகப் பின்பற்றுவது.

அக்டோபர் 31 அன்று இங்கே இரவு எட்டு மணி வரை வெளிச்சம். ரோஜா பூத்திருக்கும், மக்பை குஞ்சுகள் புல்வெளியில் தாயின் பின்னால் கத்திக்கொண்டு ஓடும். அது பெல்டேன், உயிர்கள் தழைக்கும் பண்டிகை. பூசணிக்காய் இங்கே தோட்டத்தில் முற்றுவது மார்ச் முதல் மே வரை. அக்டோபரில்தான் விதையே போடுவோம். டிசம்பர் 21 அன்று சூரியன் மறைய எட்டே முக்கால் ஆகிவிடும், பகல் மட்டும் பதினான்கே முக்கால் மணி நேரம். யூல் வர வேண்டியது ஜூன் 21 ஒட்டி. அன்றைக்குக் காலை ஏழரைக்குப் பிறகு விடிந்து மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பிறகு சூரியன் மறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். இங்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல். உடம்பே உணர்கிற மாற்றம் இது. எங்கள் இல்லத்து முதியவர்கள் ஜூன் மாதத்தில் எப்படிச் சோர்கிறார்கள் என்று பார்க்கிறவள் நான்.

திசை விஷயம் இதைவிட முக்கியம். ஆங்கிலப் புத்தகங்கள் சடங்கு வட்டத்தில் நெருப்பைத் தெற்கிலும் மண்ணை வடக்கிலும் வைக்கச் சொல்லும், ஏனென்றால் அங்கே நண்பகல் சூரியன் தெற்கில். இங்கே அது வடக்கில். வடக்கு ஜன்னல் உள்ள வீடு என்றால் மெல்பர்னில் வீட்டுத் தரகர் அதைத்தான் முதலில் சொல்வார். கோடையில் உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து வரும் வடக்குக் காற்று உலைக்களம் மாதிரி அடிக்கும். அம்மம்மாவுக்கு வடக்கிலிருந்து வருவது குளிர்ந்த வாடை, தெற்கிலிருந்து வருவது சோளகம். காற்றின் பெயரைச் சொல்லித்தான் அவர் காலத்தைச் சொல்வார். இங்கே காற்றுகளின் குணம் தலைகீழ். கொதிக்கும் வடக்குக் காற்று ஓய்ந்து தென்மேற்கிலிருந்து கூல் சேஞ்ச் என்னும் குளிர்காற்று வந்து கதவுகளை அடித்துச் சாத்தும் அந்த நிமிடத்தில் எது நெருப்பின் திசை, எது குளிர்ச்சியின் திசை என்பதைத் தோலே சொல்லிவிடும். அதனால் என் நெருப்பு வடக்கில். நீர் மேற்கிலேயே இருக்கிறது, போர்ட் பிலிப் குடா எனக்கு அந்தப் பக்கம்தான். சிட்னியில் கடல் கிழக்கே. அங்கே இருப்பவர்கள் நீரைக் கிழக்கில் வைத்தால் அதுவும் நியாயமே.

தெற்கை நான் முன்னோர்களுக்கு வைத்திருக்கிறேன். தென்புலத்தார் என்று நாம் சொல்லும் அந்தத் திசை இந்த ஊரில் வீட்டின் வெயில் படாத பக்கம். அந்தச் சுவரில் குளிர்காலத்தில் பாசி படரும். வேறு பலவற்றை மாற்ற வேண்டியிருந்த எனக்கு, ஊரிலிருந்து கொண்டுவந்த இந்த ஒன்று இங்கே அப்படியே பொருந்தியது பெரிய ஆறுதல்.

வட்டம் போடுவதும் அப்படித்தான். சூரியன் போகும் வழியில் சுற்ற வேண்டும் என்பது விதி. வட பூமியில் அது வலஞ்சுழி. மெல்பர்னில் வடக்கைப் பார்த்து நின்றால் சூரியன் வலக்கைப் பக்கம் எழுந்து இடக்கைப் பக்கம் இறங்கும், ஆகவே இடஞ்சுழி. கோயிலில் நான் வலமாகத்தான் வருவேன், அது ஆகமம், அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. என் வீட்டு வட்டம் என்னுடையது, அதை இந்த ஊர்ச் சூரியனோடு சுற்றுகிறேன். நிலவும் மாறுகிறது. ஆங்கிலப் புத்தகத்துப் படங்களில் வளர்பிறைக்கு வலப்பக்கம் ஒளி. இங்கே இடப்பக்கம். படத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளை, வளர்பிறையைத் தேய்பிறை என்று எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டிய வேலையை முடித்துவைக்கும். அப்புறம், நம் திருமணங்களில் அருந்ததி காட்டுகிறோமே, அந்த நட்சத்திரம் மெல்பர்னில் அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. மணமக்கள் பகலில் மண்டபத்துக் கூரையைப் பார்த்துத் தலையாட்டுவதால் இது யாருக்கும் தெரிவதில்லை.

இனி ஏப்ரலுக்கும் மேக்கும் வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது உண்மையில் இதுதான்.

தென் பூமியில் சௌவின் வருவது ஏப்ரல் 30, மே 1 ஒட்டி. அதற்குச் சில நாள் முன்னே, ஏப்ரல் 25, ஆன்சாக் நாள். போரில் இறந்தவர்களை நினைத்து இந்த நாடே விடியற்காலையில் எழுந்து நிற்கும் நாள். சட்டையில் ரோஸ்மேரி கொத்து ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். ரோஸ்மேரி நினைவுக்கான செடி என்பது ஐரோப்பிய மூலிகை மரபிலும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறது நமக்கு மே 18. முள்ளிவாய்க்காலில் போனவர்களுக்காகக் கஞ்சி காய்ச்சும் நாள். இந்த மூன்றும் ஒரே இலையுதிர் காலத்துக்குள், பகல் சுருங்கிக்கொண்டே போகும் வாரங்களுக்குள் வருகின்றன. மலையில் மழை பெய்து மரத்தடியெல்லாம் காளான் முளைக்கும் காலம். இறந்தவர்களை நினைக்க இதைவிடப் பொருந்திய பருவம் ஏது? நான் ஏப்ரல் 30 இரவு தெற்குச் சுவரோரம் சிறு மேசை போட்டு, வாசலில் இருக்கும் ரோஸ்மேரியைக் கிள்ளி வைத்து, விளக்கேற்றி, என் வீட்டார் பெயர்களைச் சொல்வேன். அந்த மேசையை எடுக்க மாட்டேன். மே 18 அன்று உப்பு மட்டும் போட்ட கஞ்சியை அதில் வைத்து, அதன் பிறகே எடுப்பேன். புத்தகத்தில் இப்படி ஒரு பண்டிகை கிடையாது. இந்த மண்ணும் என் சனத்தின் துயரமும் சேர்ந்து எனக்குக் கொடுத்த பண்டிகை இது. பூக்கள் குலுங்கும் அக்டோபரில் நம் பிள்ளைகளை இறந்தவர்களுக்கு விளக்கேற்றச் சொல்லும்போது இவ்வளவும் அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது.

செடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூலுக்கு ஐவி, ஹாலி என்று உங்கள் பெட்டிச் செய்தி சொன்னது. டண்டெனாங் மலைக்காட்டில் இரண்டுமே களைகள். ஐவி, மரத்தில் ஏறித் தரையையும் மூடி, கீழே எந்தப் பன்னத்தையும் வளரவிடாது. தன்னார்வலர்கள் காட்டில் ஐவி பிடுங்கும் நாட்களில் நானும் போவதுண்டு. ஈரமண்ணில் ஓடிய கொடியைப் பிடித்து மெல்ல இழுத்தால் சடசடவென்று ஒரு பாகம் நீளத்துக்கு வரும், ஒவ்வொரு கணுவிலும் மயிர் மாதிரி சிறு வேர்கள். அறுந்து ஒரு துண்டு உள்ளே நின்றாலும் திரும்ப முளைக்கும், ஆகவே அவசரப்படக் கூடாது. தலைக்கு மேலே நூறடிக்கும் அதிகமாக நிற்கும் மவுண்டன் ஆஷ் மரங்கள் கோடையில் உரித்துப் போட்ட பட்டைகள் அங்கங்கே நீளமாகத் தொங்கும். இந்த மரங்கள் இலையுதிர் காலத்தில் மொட்டையாவதில்லை, கோடையில் பட்டையைத்தான் உதிர்க்கின்றன. ஜூன் மாதத்தில் லயர்பேர்ட் பறவை பாடும் காலம் என்பதால் பள்ளத்தாக்கில் இருந்து அதன் குரல், வேறு பத்துப் பறவைகளின் குரலாக மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். பிடுங்கியதில் காய் இல்லாத கொடிகளை மட்டும் பொறுப்பாளரிடம் கேட்டு எடுத்து வந்து வளையமாகச் சுற்றி யூலுக்குக் கதவில் மாட்டுவேன். அப்புறம் குப்பைப் பெட்டிக்குப் போகும். காட்டுக்கு ஒரு சுமை குறைந்தது, எனக்கும் வளையம் கிடைத்தது. என் அறிவுக்கு எட்டியவரை இதைவிட வலிமையான சடங்கு எதையும் நான் செய்ததில்லை.

தேசியப் பூங்காவில் ஒரு பூவைக்கூடப் பறிக்கச் சட்டம் அனுமதிக்காது. வெறும் மண்ணில் உப்புக் கொட்டி வட்டம் போடக் கூடாது, செடி கருகும். கடைகளில் புகைபோடக் கட்டுக்கட்டாக விற்கும் வெள்ளை சேஜை வாங்காதீர்கள். அது கலிபோர்னியாப் பகுதியின் செடி, அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது, காட்டில் இருந்து திருட்டுத்தனமாக வெட்டப்படுகிறது. நாவூறு கழிக்க அம்மம்மா செத்தல் மிளகாயும் உப்பும் வளவில் நின்ற வேம்பின் இலையும்தான் எடுப்பார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான் அவருக்கு மருந்தும் மந்திரமும். மெல்பர்ன் குளிரில் வேம்பு தாங்காது. அதனால் என் முற்றத்து யூகலிப்டஸ் தானாக உதிர்க்கும் சிறு கிளைகளைக் கட்டி வாசலைப் பெருக்குகிறேன். புகை போடுவதில்லை. உள்ளூர் மரத்தின் இலையைப் புகைத்து வரவேற்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளான வுருண்ட்ஜெரி மக்களின் சடங்கு, அதை நடத்த வேண்டியவர்கள் அவர்கள்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அவர்களுடைய தெய்வமான புஞ்சில் என்ற கழுகை என் வட்டத்துக்கு அழைக்க மாட்டேன். சொந்த மண்ணில் இருந்து துரத்தப்பட்டவர்களின் தெய்வத்தைக் கேட்காமல் எடுப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லித்தரும் பருவ அறிவை நன்றியோடு கற்கலாம். யாரா ஆற்றின் மேல் பகுதியில் ஏழு பருவங்கள். ஜனவரி, பிப்ரவரி வறண்ட பிடெராப். மார்ச்சில் யூக், விலாங்கு மீன்கள் கடலை நோக்கி ஆற்றில் இறங்கும் காலம். ஏப்ரல் முதல் ஜூலை வரை வாரிங், வொம்பட் என்ற வளை தோண்டும் விலங்கின் காலம். ஆகஸ்டில் கூலிங், காட்டு ஆர்க்கிட் பூக்கும், வாட்டில் மரங்கள் மஞ்சளாகும். பிறகு தவளைக் குஞ்சுகளின் பூர்னீட், புல் பூக்கும் புவாத் குரு, டிசம்பரில் கரவாங். கரவாங் என்றால் கங்காரு ஆப்பிள் காய்க்கும் காலம். அதன் பூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதே ஊதா இதழ், நடுவில் அதே மஞ்சள் மகரந்தம். நம் கத்தரியின் குடும்பத்துச் செடிதான். காய் நஞ்சு, நன்றாகப் பழுத்தால்தான் உண்ணலாம். நாலு பருவம், எட்டுப் பண்டிகை என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தச் செடி கண்ணில் படாது.

கோடை அயனத்துக்குச் சொக்கப்பானை மாதிரி பெரிய தீ வளர்ப்பது ஐரோப்பிய வழக்கம். இங்கே டிசம்பரில் அதை நினைக்கவே கூடாது. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் எரிந்த காட்டுத் தீயில் 173 பேர் இறந்தார்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியே ஒரு மெழுகுவர்த்தியும் வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் எழுதுங்கள். என் கோடைச் சடங்கு கூரைப் பீலியில் அடைத்த சருகை அள்ளுவதும், பறவைகளுக்கு அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைப்பதும்தான். குத்துவிளக்கு வீட்டுக்குள்ளே எரியும்.

எனக்குத் தெரிந்த சிலர் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். உலகம் முழுவதும் ஒரே நாளில் செய்தால்தான் வலிமை என்பார்கள். நானும் அக்டோபர் 31 அன்று கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கிறேன், அது அவர்களின் விளையாட்டு. ஆனால் பூமியின் வழியில் நடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, வாசலில் நிற்கும் வசந்தத்தைப் பார்த்து நீ குளிர்காலம் என்று சொல்ல என்னால் முடியாது. அப்படியென்றால் பொங்கலையும் ஜூலைக்கு மாற்றுவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். மாட்டேன். பொங்கல் ஒரு சமூகத்தின் பண்டிகை, ஊரில் நெல் அறுக்கும் சனத்தோடு நாம் சேர்ந்து நிற்கும் நாள். அதைத் தனி ஒருத்தி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். சூரியன் வடக்கே போகப் போக இங்கே பகல் குறையும் என்பதை மட்டும் பொங்கல் மேடைகளில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம். என் வீட்டு மூலையில் நான் செய்யும் பயிற்சிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அது எனக்கும் இந்த மலைக்கும் இடையிலானது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் நாட்காட்டிப் பக்கத்தில் ராகு காலத்தை மெல்பர்ன் சூரிய உதயத்தை வைத்தே கணித்துப் போடுகிறீர்கள். டேலைட் சேவிங் தொடங்கும் வாரத்தில் அதையும் சரியாக மாற்றுகிறீர்கள். அதே அக்கறையோடு இரண்டு அயன நாட்களையும் சம இரவு நாட்களையும் இந்த ஊர்க் கணக்கில், அந்த மாதத்து வுருண்ட்ஜெரி பருவத்தின் பெயரோடு சேர்த்துப் போடுங்கள். விட்ச்கிராஃப்டில் துளியும் நம்பிக்கை இல்லாத வாசகருக்கும், தோட்டம் வைத்திருப்பவருக்கும் அது பயன்படும். பெட்டிச் செய்திக்கான திருத்தத்தை டிசம்பர் இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன். தென் பூமியில் லீதா (கோடை அயனம்) டிசம்பர் 21 ஒட்டி, லாமாஸ் (முதல் அறுவடை) பிப்ரவரி தொடக்கம், மேபன் (இலையுதிர் சம இரவு) மார்ச் 21 ஒட்டி, சௌவின் ஏப்ரல் 30, யூல் ஜூன் 21 ஒட்டி, இம்போல்க் (வசந்தத்தின் முதல் அறிகுறி) ஆகஸ்ட் தொடக்கம், ஓஸ்டாரா (வசந்த சம இரவு) செப்டம்பர் 22 ஒட்டி, பெல்டேன் அக்டோபர் 31. தாமதித்தால், உங்கள் பக்கத்தைப் படித்த பிள்ளைகள் ஆண்டின் மிக நீண்ட பகலில், வடக்குக் காற்று அடிக்கும் ஒரு மாலையில், நீண்ட இரவுக்கான மெழுகுவர்த்தியை வெளியே ஏற்றிவிடுவார்கள்.

என் வேலையிடத்தையும் உறவினர்களையும் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இதே வழியில் தனியாக நடக்கும் தமிழ்ப் பெண்கள் யாராவது உங்களுக்கு எழுதினால், அவர்கள் சம்மதத்தோடு அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிவைத்தால் மகிழ்வேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
டண்டெனாங் மலையடிவாரம், மெல்பர்ன்